ஆட்டுக் கறிக்கு எந்த ஒயின்

கோவளத்தில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு ஹோட்டலில் மாளவிகாவுக்கு வேலை. வருகிறவர் என்ன சாப்பிடுகிறாரோ, அதற்கு எந்த ஒயின் சேரும் என்று சொல்லி, பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும். கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இப்படியும் ஓர் உத்தியோகமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அவள் சுருக்கமாகவே பதில் சொல்வாள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தாள், நாசிக்கில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சில வருஷம் இருந்தாள், பரீட்சை எழுதித் தேறினாள், ஊருக்குத் திரும்பினாள். யாரும் கேட்காததால் அவள் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. முப்பத்தாறு வயதாகியும் அவள் மீனோ இறைச்சியோ வாயில் வைத்ததில்லை.

அதில் பெரிய விரதம் ஒன்றும் கிடையாது. பழவங்காடிப் பிள்ளையாரை பஸ்ஸில் கடக்கும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகும், அவளுடைய பக்தி அந்த அளவோடு சரி. சின்ன வயதில் பழக்கமில்லை, பிறகு பழகிக்கொள்ளத் தோன்றவில்லை. மேனேஜர் பிஜுவுக்கு மட்டும் இது தெரியும். "கெஸ்டுகிட்ட நீ சொல்லாம இருந்தா போதும், கேட்டோ" என்று முதல் வாரமே சொல்லிவிட்டான்.

இத்தனை காலம் சிக்கல் வரவில்லை. அந்த ஹோட்டலில் இறைச்சி என்றால் பெரும்பாலும் உப்பும் மிளகும் வெண்ணெயும் போட்ட வெள்ளைக்காரச் சமையல்தான். அதற்கு எந்த ஒயின் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை அவள் தன் வாயால் சொன்னாள். விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

பிப்ரவரியில் டாக்டர் ஜிஜி வந்து உட்கார்ந்ததும் நிலைமை மாறியது. நெய்யாற்றின்கரைக்காரி. வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கணவரோடு ஜமைக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டு, ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டிக்கொண்டவர். நாற்பதாவது மணநாளுக்குச் சொந்தக்காரர்களையும் பழைய நண்பர்களையும் கூப்பிட்டு, அந்தத் தீவின் சாப்பாட்டையே போட வேண்டும் என்று ஆசை.

"சாப்பாடு எனக்குத் தெரியும். இறால், கோழி, பன்றி விலா, கடைசியில ஆட்டுக் கறி" என்றார் அவர். "அங்க ரோட்டோரம் டிரம்மைப் பாதியா வெட்டி வச்சு அதுலயாக்கும் கோழி சுடுவான். அந்தக் காரம், அந்தப் புகை, அது எனக்கு வேணும். ஆளுங்க அழுவாங்கன்னு காரத்தைக் குறைச்சா நான் எழும்பிப் போயிருவேன். ஒயினைப் பத்தி எனக்கு ஒண்ணும் புரியாது மோளே. அங்கயும் எங்களுக்கு பீரும் ரம்மும்தான். இந்த ஒரு நாளாவது ஒவ்வொண்ணுக்கும் பொருத்தமா ஒரு ஒயின் வேணும். அது உன் பொறுப்பு. என் வீட்டுக்காரருக்கு நாக்கு ரொம்ப நீளம். சும்மா ஏதாவது சொல்லி அவரை ஏமாத்த முடியாது, பாத்துக்கோ."

மாளவிகா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இந்தக் காரத்துக்கும் புகைக்கும் எந்த ஒயின் என்று அவளுடைய புத்தகங்களில் இல்லை.

சமைக்க வேண்டியவன் பிரபின். பாறசாலைக்காரன், அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவன். கரீபியன் கடலில் ஓடும் சுற்றுலாக் கப்பல்களில் வருஷக்கணக்கில் அடுப்பில் நின்றவன். ஜெர்க் என்று அவர்கள் சொல்லும் அந்தச் சுட்ட இறைச்சியை ஜமைக்காச் சமையல்காரர்களோடு தோளோடு தோள் நின்று கற்றுக்கொண்டு வந்தவன். இங்கே அதற்கு எதுவும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை என்றான். அங்கத்து குண்டு மிளகாய்க்கு இங்கத்து மாலி முளகு கூடப்பிறந்ததுபோல இருக்கும், அதே வாசனை, அதே வெறி. கிராம்பும் ஜாதிக்காயும் சேர்ந்தாற்போல மணக்கும் சர்வசுகந்திக் காய் ஆரியசாலைக் கடைகளில் கிடைக்கும். பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சர்வசுகந்தி மரமே நிற்கிறது, கவாத்துப் பண்ணின கொம்பை விறகாகக் கொடுப்பார்கள். புகைக்கு அது போதும். ஹோட்டலின் பின்புறம், மதிலோரம், பாதியாக வெட்டின டிரம் ஒன்றை அவன் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தான்.

முதல் ஒத்திகைக்கு மாளவிகா தனக்குத் தெரிந்த வழியில் போனாள். தான் இறைச்சி தின்பதில்லை என்று பிரபினிடம் சொல்லிவிட்டு, இறைச்சியில் தடவும் அதே அரைப்பை இடிச்சக்கையில் தடவிச் சுட்டுத் தரும்படி கேட்டாள். பிஞ்சுப் பலா நார்நாராகப் பிரியும், புகையையும் காரத்தையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். வெறும் மசாலாவுக்கு ஒயின் எப்படி நடந்துகொள்கிறது என்று அதில் பார்த்துவிடலாம்.

பார்த்தாள். புத்தகத்தின்படி சுட்ட கறிக்குக் கனமான சிவப்பு ஒயின், ஷிராஸ். ஒரு துண்டைத் தின்றுவிட்டு ஷிராஸை வாயில் விட்டதும், காரத்தின் மேல் யாரோ விசிறியதுபோல ஆயிற்று. ஒயினின் துவர்ப்பும் சாராய உறைப்பும் மிளகாயோடு சேர்ந்துகொண்டு நாக்கைப் பிடித்து இழுத்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்து, நன்றாகக் குளிரவைத்த, லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின், ரீஸ்லிங். காரம் அப்படியே இருந்தது, ஆனால் அடங்கி உட்கார்ந்தது. புகை வாசனையும் எலுமிச்சையும் தனித்தனியாகத் தெரிந்தன. அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"கோழிக்கு இது. ஆட்டுக் கறிக்கும் இதுவே போட்டுடலாம்" என்றாள்.

பிரபின் கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "கோழிக்குச் செரியா இருக்கும். ஆடு எப்பிடின்னு தெரியல சேச்சி. இடிச்சக்கை வேற, ஆடு வேற. ஆட்டுக்கு நெய் உண்டு, கொழுப்பாக்கும். அது நாக்குல படிஞ்சு நிக்கும். உங்க ஒயினு அதை எப்பிடிப் பாக்கும்னு எனக்குத் தெரியாது."

"நீ ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லேன்."

"நான் குடிக்கமாட்டேன்" என்றான் அவன்.

கூட வேலை பார்த்த இத்தனை நாளில் அவளுக்கு அது தெரியாது. கப்பலில் அத்தனை காலம், சுற்றிலும் ரம் ஓடும் இடத்தில் இருந்தவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பெந்தகொஸ்து சபையாக இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். ஆக அந்த அடுக்களையில் ஒயினும் இறைச்சியும் ஒரே வாயில் சேர வழியில்லை. பிஜுவைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவனுக்கு வயிற்றில் புண். மாலி முளகு பட்டதும் மோர் கேட்டு ஓடினான். அடுக்களையின் மற்றப் பையன்களிடம் எதைக் கொடுத்தாலும் "கொள்ளாம்", நன்றாயிருக்கிறது, என்ற ஒரே பதில். எல்லாம் கொள்ளாம் என்றால் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் கழிந்து அடுக்களை காலியானபோது, பிரபின் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டுக் கறிச் சட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பிரபின் ஒரு அடி முன்னே வந்தான். "சேச்சி, என்ன செய்யுதீங்க?"

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். மென்றாள். ஒயினைச் சுவைக்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, முன்நாக்கு, பின்நாக்கு, அண்ணம் என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வாய் முழுக்க ஒரே செய்திதான் இருந்தது: இது இறைச்சி, இது இறைச்சி, இது இறைச்சி. அதற்கு அடியில் மஞ்சள் இருந்ததா, காரம் இருந்ததா, கொழுப்பு எங்கே ஒட்டியது, எதுவும் தெரியவில்லை. ரீஸ்லிங்கை எடுத்து ஒரு வாய் விட்டுப் பார்த்தாள். அதன் ருசிகூட மறந்துபோனது. வாஷ்பேசினில் எல்லாவற்றையும் துப்பிவிட்டு, குழாயைத் திறந்து நெடுநேரம் கொப்பளித்தாள்.

நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது. தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாகவும், அதற்குப் பிரதியாக எதுவும் வரவில்லை என்றும் ஒரு கோபம் அவளுக்குள் எழுந்தது. அது போய் எதிரே நின்றவன் மேல் விழுந்தது.

"நான் பண்ணிட்டேன் பிரபின். இப்ப நீயும் ஒரு வாய் எடுத்துக்கோ. விழுங்க வேண்டாம், துப்பிடு. எங்க தொழில்ல எல்லாரும் துப்பத்தான் செய்வாங்க."

"வேண்டாம் சேச்சி."

"துப்பறதுல என்ன வந்தது? உடம்புக்குள்ள போகப்போறதில்ல."

"வேண்டாம்னு சொன்னேன்லா."

"எனக்காகவா நான் இதைப் பண்ணினேன்? இந்த டின்னருக்காகத்தானே? வாழ்க்கையில முதல் தடவை..."

"உங்களை நான் பண்ணச் சொன்னனா?" என்றான் பிரபின். குரலை உயர்த்தவில்லை. சட்டியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா லலிதாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து பயறு நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா அனந்தபத்மநாபன் வாசல் பக்கம் பேப்பரில் முகம் புதைத்திருந்தார். மாளவிகா பையை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாராவது வெசவு சொன்னாளா?"

மாளவிகா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் கத்தி நின்றது.

"துப்பிட்டியோன்னோ?"

"துப்பிட்டேன்மா."

"நன்னா கொப்பளிச்சியா?"

"ம்."

"பின்னே என்னத்துக்கு இடிவிழுந்தாப்பல உக்காந்துண்டிருக்கே? ஒயினையும்தான் தெனம் துப்பறே. அது மாதிரி இதுவும்னு வெச்சுக்கோ. அப்பா காதுல மட்டும் போடாதே."

"அதுக்காக இல்லம்மா. அந்தப் பையன் மாட்டேன்னு சொன்னான். நான் விடாம இழுத்தேன். நான் வேண்டாம்னு சொல்றதுக்கு எல்லாரும் மரியாதை கொடுக்கறா. அவன் வேண்டாம்னு சொன்னா, அதை நான் ஒரு அடம் மாதிரி பார்த்துட்டேன்."

அம்மா மறுபடியும் பயறை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குப் போய் அவன்கிட்டச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாளவிகா நேரத்தோடு கிளம்பினாள். பின்புறத்தில் பிரபின் டிரம்முக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நேத்து நான் உன்னை இழுத்தது தப்பு. இனிமே கேக்கமாட்டேன்."

அவன் கரியைக் கிளறிக்கொண்டே, "செரி" என்றான். பிறகு, "இங்க வாங்க. ஒரு காரியம் செஞ்சு பாத்தேன்" என்றான்.

இலைமேல் சுட்ட இடிச்சக்கைத் துண்டுகள் பளபளத்துக்கொண்டிருந்தன. முதல் தடவை பார்த்ததுபோல வறண்டு நிற்கவில்லை. ராத்திரி முழுக்க இதே நினைப்பாக இருந்தேன் என்றான் பிரபின். இறைச்சிக்கும் பலாவுக்கும் உள்ள வித்தியாசம் நெய்தானே. அதைப் பலாவுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? கெட்டித் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, வெண்ணெய் விட்டு விட்டுச் சுட்டிருக்கிறான். இரண்டும் அவள் சாப்பிடுகிற பொருள்தானே.

அவள் ஒரு துண்டைத் தின்றாள். காரம் வந்தது, ஆனால் ஒரு மெத்தையின் மேல் நடந்து வந்தது. ஷிராஸை ஒரு வாய் எடுத்தாள். முதல் ஒத்திகையில் நாக்கைக் கடித்த அந்தத் துவர்ப்பு, இப்போது கொழுப்பைத் துடைத்துக்கொண்டு பதவிசாகப் போயிற்று. இன்னும் கொஞ்சம் உறைப்பு அதிகம்தான். அப்படியானால் இதைவிட மெலிந்த ஒரு சிவப்பு ஒயின், லேசாகக் குளிரவைத்து! இதே அரைப்பும் இதே கொழுப்பும் பன்றி விலாவுக்குத்தான். அவள் கத்திவிட்டாள். "பன்றி விலாவுக்குக் கிடைச்சாச்சு!"

அப்புறம் அவர்களுக்குள் ஒரு வழி பிறந்தது. மத்தியான வேலை முடிந்ததும் பின்புறத்தில் இரண்டு பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்வார்கள். அவன் தின்று சொல்வான், அவள் குடித்துச் சொல்வாள்.

"கோழி முதல்ல புளிப்பாக்கும். நாரங்கா மாதிரி. அப்புறம் கிராம்பும் ஜாதிக்காயும் சேந்த மணம். காரம் உடனே வராது. கறி உள்ள இறங்கின பிறகு பின்னாலருந்து வந்து தொண்டையில ஏறும். ஏறினா இறங்காது" என்பான் அவன்.

"இந்த வெள்ளை பச்சை ஆப்பிளை ஐஸ்ல போட்டு வச்சது. கடைசியில தேன் தொட்டு வச்ச மாதிரி. அந்தச் சிவப்பு இருக்கே, முழுசாப் பழுக்காத நாவல்பழம் தின்னா நாக்கு எப்படி இழுக்கும்? அதுல கால்வாசி" என்பாள் அவள்.

"அப்போ பன்றிக்கு நான் புளியும் கருப்பட்டியும் காய்ச்சி மேல பூசுகேன்லா, அந்த இனிப்புக்கு இந்த நாவல்பழம் நிக்கும்."

"இனிப்பைக் கொஞ்சம் குறைச்சா இன்னும் நல்லா நிக்கும்."

அவன் குறைத்தான். எலுமிச்சை பிழிந்து சுட்ட இறாலுக்கு நுரைக்கிற வெள்ளை ஒயின் என்று முடிவாயிற்று. அவள் இதுவரை எந்த விருந்துக்கும் இவ்வளவு தெளிவாக ஒயின் தேர்ந்தெடுத்ததில்லை. மஞ்சளும் சீரகமும் போட்ட ஆட்டுக் கறி மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. அவன் அதைச் சொல்லும்போது அவனுக்கே வார்த்தை போதவில்லை. "ஆடு ஆடு மாதிரி இருக்கும் சேச்சி, வேற எப்பிடிச் சொல்ல?" என்று கையை விரித்தான். வேறு வழியின்றி அதற்கும் இனிப்பு கூடின ரீஸ்லிங்கையே வைத்தாள்.

விருந்தன்று பொழுது சாயும் நேரத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். கடலோரப் புல்வெளியில் நீளமாக மேசை. டாக்டர் ஜிஜியின் பக்கத்தில் அவர் கணவர் டாக்டர் ஸ்ரீனிவாசன், ஒடிசலான தேகம், தடித்த கண்ணாடி. இறால் நல்லபடியாக முடிந்தது. கோழி வந்ததும் மேசை முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தமும் சிரிப்பும். ஜிஜி ஒரு துண்டைத் தின்று, ரீஸ்லிங்கைக் குடித்து, மறுபடியும் தின்று, "இது அங்க இருக்கும்போது தெரியாமப் போச்சே" என்றார். பன்றி விலாவோடு சிவப்பு ஒயினை ஊற்றியபோது ஸ்ரீனிவாசன் கிளாஸை இரண்டாவது முறையும் நீட்டினார். மாளவிகாவுக்கு உடம்பு லேசாயிற்று.

ஆட்டுக் கறி வந்தது. ஸ்ரீனிவாசன் ஒரு வாய் சாப்பிட்டார். ஒயினைக் குடித்தார். கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"இது என்னம்மா, பாயசம் மாதிரின்னா இருக்கு? ஆடு ஒரு வழி போறது, இது ஒரு வழி போறது." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீ இதைச் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்தியா?"

சற்றுத் தள்ளி நின்ற பிஜு கண்ணாலேயே கெஞ்சினான். ஆமாம் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் ஆகாது. வாயில் வைத்தாள், ஒயினையும் விட்டாள். ஆனால் அந்த ஆமாம் இவர் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லை.

"ஒரு தடவை வாயில வச்சேன் சார். துப்பிட்டேன்" என்றாள். "எனக்கு இறைச்சி பழக்கமில்லை. அதனால அதுலேர்ந்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியல. மத்த மூணும் யோசிச்சு, உறுதியாத் தெரிஞ்சு வச்சேன். இது மட்டும் குத்துமதிப்புதான்."

பிஜு நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"எந்தத் தெரு?" என்றார் ஸ்ரீனிவாசன்.

"கோட்டைக்குள்ள."

"நான் கரமனை அக்ரகாரம்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி எடுத்து மாளவிகாவின் பக்கம் நீட்டினார். "கரமனையே மாறியாச்சு, கோட்டைக்கு என்ன? இப்ப தின்னு பாக்கட்டும், எங்க முன்னாடி!" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முள்கரண்டி அவள் முகத்துக்கு நேரே நின்றது. சாறு சொட்டியது. பழப்பெட்டிமேல் உட்கார்ந்து பேசின நாட்களில் என்றைக்காவது ஒருநாள் இதையும் பழகிக்கொள்ளலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இந்தக் கரண்டியிலிருந்து வேண்டாம் என்று மட்டும் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"வேண்டாம் சார்" என்றாள்.

"கையைக் கீழ போடும் ஓய்" என்றார் ஸ்ரீனிவாசன், உறவுக்காரரிடம். "ஜமைக்காவுல, கிங்ஸ்டன்ல ஜிஜி முதல்முதலா ஆடு பண்ணிப் போட்டா. எனக்கு ருசியா தெரிஞ்சுது? எங்கப்பா மூஞ்சிதான் தெரிஞ்சுது. கல்யாணத்துக்கே வராத மனுஷன், ஒவ்வொரு வாய்க்கும் எதிர்ல வந்து உக்காந்துண்டார். ஆடு ஆடா ருசிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு துண்டுல இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியப்போறது?"

ஜிஜி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இதை நீங்க என்கிட்டச் சொன்னதே இல்லியே."

"நீ ஆசையாப் பண்ணியிருந்தே. எப்படிச் சொல்றது?"

ஜிஜி மேசைக்கடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டதை, பக்கத்தில் நின்ற மாளவிகா பார்த்தாள்.

அவள் உள்ளே போய் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். ஒன்று இனிப்பில்லாத இளஞ்சிவப்பு ரோஸே. இன்னொன்று பன்றிக்கு ஊற்றின அதே மெலிந்த சிவப்பு. எல்லாருக்கும் இரண்டு கிளாஸ் வைத்து, "இனிமே நீங்கதான் சொல்லணும். நான் கேட்டுக்கறேன்" என்றாள். கூடவே ஆள் விட்டு பிரபினையும் வரவழைத்தாள். கறியைப் பற்றி அவனுக்குத்தான் கேட்கத் தெரியும்.

ஏப்ரனோடு வந்து நின்றவனிடம் அதே உறவுக்காரர் ஒரு கிளாஸை நீட்டினார். பிரபின் வாயைத் திறப்பதற்குள் மாளவிகா அதை நடுவில் வாங்கித் தட்டில் வைத்தாள். "அவர் குடிக்கமாட்டார் சார்" என்றாள்.

பிரபின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தான். குடித்த பிறகு காரம் எங்கே நிற்கிறது, நாக்கிலா தொண்டையிலா? மஞ்சள் மணம் மேலே வருகிறதா, அமுங்குகிறதா? எலும்போடு ஒட்டின கறிக்கும் இதுவே சரியா? முதலில் கூச்சப்பட்டவர்கள் பிறகு போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ஜிஜிக்கு ரோஸேதான் சரி. ஸ்ரீனிவாசனுக்குச் சிவப்பு. இருவரும் நெடுநேரம் அதைப் பற்றி வழக்காடினார்கள். அவரவர் கிளாஸை மாற்றிக் குடித்துப் பார்த்தார்கள், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. உறவுக்காரர் மட்டும் ரீஸ்லிங்கே பரவாயில்லை என்றார். அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாரும் போன பிறகு பிஜு வந்தான். "கெஸ்டுக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த மாசம் சிநேகிதங்களைக் கூட்டிட்டு வருவாங்களாம்" என்றான். பிறகு, "ஆனா எப்பவும் இப்பிடி எல்லாத்தையும் திறந்து சொல்லாதே, என் பிரஷர் ஏறுது" என்றான். மாளவிகா காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மத்தியானம் பின்புறத்தில் பிரபின் டிரம்மின் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மாளவிகா வந்து பழப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். அடுத்த மாத விருந்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பிறகு அவன் தேய்ப்பதை நிறுத்தாமலேயே கேட்டான்.

"சேச்சி, ஒயினு வாயில எப்பிடி இருக்கும்னு சொல்லித் தந்தீங்க. தலையில எப்பிடி இருக்கும்?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா சற்குணம், ஸ்கூல் வாத்தியார். பகல்ல யார்ட்டயும் பேசமாட்டார். எங்களைக் கண்ணால பாக்கமாட்டார். சாயங்காலம் ரெண்டு கிளாஸ் உள்ள போச்சுன்னா வேற ஆளு. எங்களைக் கூப்பிட்டு மடியில இருத்துவார். மீனுல முள்ளெடுத்து ஊட்டுவார். ஞானப்பாட்டுப் பாடுவார், அவ்வளவு நல்ல சத்தம். ஒரு நாள்கூட அடிச்சதில்ல. அம்மைக்கு ஆனா நாணக்கேடு. சரசம்மா புருசன் குடிகாரன்னு சபையில பேச்சு. அம்மை அழுது பிரார்த்திச்சா. பாஸ்டர் வந்து பேசினார். எனக்குப் பத்து வயசு இருக்கும்போ அப்பா நிறுத்திட்டார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவர் சாகுறது வரைக்கும் ஒரு பாட்டுப் பாடல. எங்களைத் தொடல."

கம்பியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான்.

"நான் குடிக்காததுக்குச் சபை காரணமில்ல. நான் ஒரு வாய் குடிச்சு, நானும் நல்லவனாயிட்டா என்ன செய்வேன்னு பயம். குடிச்சாத்தான் நல்லவன்னு ஆயிருச்சுன்னா? எனக்கும் ஒரு மோள் உண்டு. அந்தப் பாடின மனுஷன் எங்கப்பாதானா, இல்ல அந்தச் சாராயமா? இதை யார்ட்டக் கேக்கதுன்னு தெரியாம இருந்தேன்."

மாளவிகாவுக்கு அவனிடம் இதமாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று முதலில் தோன்றியது. பிறகு, இத்தனை நாள் இருவரும் பேசிய முறை அதுவல்ல என்று நினைத்தாள்.

"உங்கப்பாவை எனக்குத் தெரியாது. எனக்கு நடக்கறதை மட்டும் சொல்றேன்" என்றாள். "முதல் கிளாஸ்ல தோள் இறங்கும். அவ்வளவு நேரம் அதைத் தூக்கிப் பிடிச்சுண்டிருந்தோம்னே அப்பத்தான் தெரியும். எதிர்ல இருக்கறவா நம்மளை என்ன நினைப்பாங்கற பயம் கொஞ்சம் தள்ளிப்போய் உக்காரும். சொல்ல நினைச்சுச் சொல்லாம வச்சிருந்தது வாய்க்கு வரும். ஆனா எனக்குத் தெரியாத பாஷையில நான் பேசினதில்ல பிரபின். தெரியாத பாட்டை நான் பாடினதில்ல. இல்லாததை அது கொண்டுவந்து என் வாயில வச்சதில்ல."

பிரபினின் கை நின்றிருந்தது.

"அப்போ பாட்டு அவருக்குள்ள இருந்ததாக்கும்."

"எனக்கு அப்படித்தான் தோணறது. பாடறதுக்குத்தான் பயந்திருக்கார். எதுக்குப் பயந்தார்னு எனக்குத் தெரியாது."

அவன் கடல் பக்கம் திரும்பினான். முகத்தில் துக்கமா நிம்மதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர்ப் பெட்டியில் உட்கார்ந்தான்.

"இது முதல் கிளாஸுல்லா. மூணாவதுல எப்பிடி இருக்கும்?"

"அது வேற மாதிரி. அவ்வளவு நல்லா இருக்காது."

"பரவாயில்ல, சொல்லுங்க" என்றான் பிரபின்.

அவள் அதையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள்.